ஆக்ஸிடோசினா, வாசோபிரெசினா?
இரண்டும் ஹார்மோன்கள். பிறப்பது மூளையடியில் உள்ள ஹைப்போதாலமஸில். அதன் கீழே உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதிக்கு இறங்கி, அங்கே காத்திருக்கும். தலா 9 அமினோ அமிலங்கள், அதில் 2 மட்டும் வேறு. வேலையோ மலையும் மடுவும்.

ஆக்ஸிடோசினைப் பார்க்க காங்கயம் பக்கம் ஒரு கட்டுத்தறிக்குப் போனால் போதும். கன்றுக்குட்டி மடியை முட்டி முட்டிக் குடிக்கும்; அந்த முட்டலில் ஆக்ஸிடோசின் சுரந்து, ஒரு நிமிடம் போல ஆனதும் காம்பில் பால் இறங்கிவிடும். அம்மாயி அப்புறம்தான் சொம்பை எடுப்பார். புது ஆள் வந்து மாடு மிரண்டால் பாலை அடக்கிக்கொள்ளும். பயத்தில் சுரக்கும் அட்ரினலின் குறுக்கே வந்துவிடுகிறது.

வாசோபிரெசின் இப்படிக் கண்ணில் படாது. மாசி வெயிலில் மஞ்சள் வெட்டும்போது ரத்தத்தின் உப்புச் செறிவு ஒன்றிரண்டு சதவீதம் ஏறினாலே, சிறுநீரகத்திடம் 'தண்ணியை விடாதே' என்று சொல்லிவிடும். மது இதை அடக்கும். குடித்தவர் அடிக்கடி எழுந்து போவது அதனால்தான்.

'அன்பு ஹார்மோன்' என்று பெயர் வாங்கியது என்னவோ ஆக்ஸிடோசின்தான். என் ஓட்டு மற்றதுக்கு. அது சுரக்காமல் போனால் ஒரே நாளில் 10 லிட்டருக்கு மேல்கூடச் சிறுநீர் போகலாம்.