பழைய கம்ப்யூட்டருக்கு எந்த எஸ்எஸ்டி? ஏ400, பிஎக்ஸ்500, டபிள்யூடி கிரீன், கொஞ்சம் மேலே போனால் எம்எக்ஸ்500

அக்கா மகளிடம் இருந்தது அரசு கொடுத்த லேப்டாப். 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஆன் செய்துவிட்டுப் போய் காபி குடித்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். "மாமா, இதை வித்துட்டு வேற ஒண்ணு வாங்கித் தாங்க" என்றாள். விற்க வேண்டாம் என்று சொல்லி, 2023-இல் 240 ஜிபி கிங்ஸ்டன் ஏ400 என்ற எஸ்எஸ்டி ஒன்றை, அதாவது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகச் சில்லுகளில் டேட்டாவைச் சேமிக்கும் டிரைவை, வாங்கிப் போட்டேன். பின்பக்க மூடியைக் கழற்றி மாட்ட 20 நிமிடம், விண்டோஸ் ஏற்ற அரை மணி நேரம். அடுத்த தடவை ஆன் செய்தபோது எண்ணிப் பார்த்தோம், 17 நொடி. நம்பாமல் மூன்று தடவை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தாள்.

எஸ்எஸ்டி வாங்கிய எல்லோரிடமும் இந்த முதல் நாள் கதை ஒன்று உண்டு. சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. ஹார்ட் டிஸ்கில் ஒரு ஃபைலைத் தேடி ஊசி நகர்ந்து நிற்க ஏறத்தாழ 12 மில்லிநொடி ஆகும். எஸ்எஸ்டியில் நகர எதுவும் இல்லை, 0.1 மில்லிநொடியில் வேலை முடிந்துவிடும். ஆகவே எந்த எஸ்எஸ்டியைப் போட்டாலும், மட்டமானதைப் போட்டாலும், முதல் நாள் பறக்கத்தான் செய்யும். வாங்கிய வாரமே ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் புகழ்வது எஸ்எஸ்டி என்ற பொருளை. தாங்கள் வாங்கிய மாடலை அல்ல. மாடலுக்கு மாடல் வித்தியாசம் மூன்றாவது மாதம், டிரைவ் முக்கால்வாசி நிரம்பிய பிறகு தெரியும். கடையில் கேட்கிறவர்களுக்கும் வீட்டில் கேட்கிறவர்களுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் வேகத்தைப் பார்ப்போம். ஏ400 நொடிக்கு 500 எம்பி, குரூஷியல் பிஎக்ஸ்500 540, வெஸ்டர்ன் டிஜிட்டலின் டபிள்யூடி கிரீன் 545, குரூஷியலின் எம்எக்ஸ்500 560, சாம்சங் 870 ஈவோவும் 560. இந்த எண்களை வைத்துத் தேர்வு செய்ய ஒன்றுமே இல்லை. இந்த டிரைவுகள் கம்ப்யூட்டரோடு பேசும் சாட்டா 3 என்ற வழியின் உச்சமே 550 சொச்சம்தான், எல்லோரும் அந்தக் கூரையில் முட்டி நிற்கிறார்கள். பல பழைய டெஸ்க்டாப்புகளில் அந்தக் கூரையும் பாதி உயரம்தான். எங்கள் தெருவில் அரிசி மண்டி வைத்திருக்கும் ஐயாவின் கம்ப்யூட்டரில் இருப்பது எச்61 என்ற பழைய மதர்போர்டு. அந்த சிப்செட்டில் சாட்டா 2 மட்டும்தான், 270, 280க்கு மேல் போகாது. "தம்பி, நல்ல வேகமானதா போடு, டாலி திறக்கிறதுக்குள்ள ஆளு போயிடுறான்" என்றார். அவருக்கு 870 ஈவோ போட்டாலும் டபிள்யூடி கிரீன் போட்டாலும் வேகத்தில் ஒரே பலன்தான் என்று விளக்கி, கிரீனையே போட்டேன். கணக்கு எழுதும் டாலி மென்பொருளுக்கு வேண்டியது பெரிய ஃபைலை வேகமாகக் கடத்துவது அல்ல. சின்னச் சின்ன ஃபைல்களைச் சட்டென்று எடுத்துக் கொடுப்பது. அதை எந்த எஸ்எஸ்டியும் செய்யும். இரண்டு வருடமாக அவரிடமிருந்து புகார் இல்லை.

உண்மையான வித்தியாசத்தைப் பெட்டியின் பின்புறத்துச் சின்ன எழுத்திலும், கம்பெனி தளத்தில் இருக்கும் விவரத்தாளிலும் பார்க்கலாம். முதலில் வாரண்டி. ஏ400, பிஎக்ஸ்500, டபிள்யூடி கிரீன் மூன்றுக்கும் 3 வருடம். எம்எக்ஸ்500, 870 ஈவோ இரண்டுக்கும் 5 வருடம். அடுத்து டிபிடபிள்யூ, அதாவது வாரண்டிக்குள் மொத்தம் எத்தனை டெராபைட் வரை எழுதலாம் என்று கம்பெனி ஒப்புக்கொள்ளும் கணக்கு. 480 அல்லது 500 ஜிபி அளவை எடுத்துக்கொண்டால் பிஎக்ஸ்500க்கு 120, ஏ400க்கு 160, எம்எக்ஸ்500க்கு 180, 870 ஈவோவுக்கு 300. விலை குறைந்த ஏ400, பிஎக்ஸ்500 இரண்டில் பிஎக்ஸ்500ஐத்தான் பலரும் உயர்த்திப் பேசுவார்கள். கம்பெனி எழுதிக் கொடுக்கும் உறுதியில் ஏ400 முந்துகிறது.

அதற்காக டிபிடபிள்யூவைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். 240 ஜிபி பிஎக்ஸ்500க்கும் ஏ400க்கும் ஆளுக்கு 80 டெராபைட். வீட்டில் பிரவுசர், வேர்டு, கொஞ்சம் படம் என்று இருப்பவர் ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதுகிறார் என்று தாராளமாகவே வைத்தாலும் 4,000 நாள் வரும். அதற்குள் லேப்டாப்பின் பேட்டரியும் கீபோர்டும் போய்விடும்.

டிராம், அதாவது டிரைவுக்குள்ளேயே இருக்கும் வேகமான தற்காலிக நினைவகச் சில்லு, இருக்கிறதா இல்லையா என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எந்த டேட்டா எந்தச் சில்லில் எந்த மூலையில் இருக்கிறது என்று எஸ்எஸ்டி ஒரு பேரேடு வைத்திருக்கும். எம்எக்ஸ்500, 870 ஈவோ போன்றவற்றில் அந்தப் பேரேட்டுக்கென்று தனியாக டிராம் சில்லு உண்டு, 500 ஜிபிக்கு 512 எம்பி. பேரேடு மேஜை மேலேயே விரித்து இருப்பது போல. ஏ400, பிஎக்ஸ்500, கிரீன் மூன்றிலும் அந்தச் சில்லு இல்லை. ஒவ்வொரு தடவையும் உள்ளறைக்குப் போய்ப் பேரேட்டை எடுத்துப் பார்த்துவிட்டு வர வேண்டும். டிரைவ் பாதி காலியாக இருக்கும்வரை இது தெரியாது. நிரம்பி, பின்னணியில் விண்டோஸ் அப்டேட் ஒரு பக்கம், ஆன்டிவைரஸ் ஒரு பக்கம் ஓடும்போது சில நொடி உறைந்து நிற்கும். அக்கா மகளின் லேப்டாப்பிலும் 240-இல் 200 ஜிபிக்கு மேல் போனபோது அப்படி வந்தது. டிராம் இல்லாத சாட்டா டிரைவுகளுக்கு உள்ள குணம் இது. 60 ஜிபி சினிமாவை வெளியே எடுத்து வைத்ததும் பழையபடி ஆகிவிட்டது.

இதனால்தான், கையில் குறைந்த பணமே இருந்தால் 240க்கு பதில் டிராம் இல்லாத 480 வாங்குங்கள் என்கிறேன். 250 ஜிபி எம்எக்ஸ்500ஐ நெருக்கி நிரப்பி வைப்பதைவிட 480 ஜிபி ஏ400ஐப் பாதி காலியாக வைத்துக்கொள்வது வீட்டு உபயோகத்துக்கு நிம்மதி.

இனி ஸ்டூடியோக்காரர் கதை. கல்யாண வீடியோ எடுக்கும் பழக்கக்காரர் ஒருவர், "அண்ணே, 1 டிபி இவ்வளவு சல்லிசா கிடைக்குது, வாங்கிட்டேன்" என்று ஒரு டிரைவோடு வந்தார். எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. க்யூஎல்சி வகை, அதாவது சில்லுக்குள் டேட்டாவை வைக்கும் செல் ஒவ்வொன்றிலும் 4 பிட்டைத் திணிப்பது. டிஎல்சியில் 3 பிட். பழைய எஸ்எஸ்டியில் இருந்த ஒரு கல்யாணத்தின் 180 ஜிபியை இதற்கு மாற்றினோம். காப்பி ஆகும் பச்சைக் கோடு 430 எம்பியில் நெட்டுக்குத்தாக ஏறி நின்றது. அவர் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. ஒன்றரை நிமிடத்தில் 40 ஜிபி போனது. அதோடு கோடு செங்குத்தாக விழுந்து 70க்கு வந்து, அங்கேயே தரையோடு தரையாகக் கிடந்தது. மீதி 140 ஜிபிக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவர் கழற்றிப் போட்ட பழைய ஹார்ட் டிஸ்க்கே 100 எம்பியில் எழுதும்.

டிரைவ் கெட்டுப்போகவில்லை. அதன் வேலை முறையே அதுதான். காலியிடத்தின் ஒரு பகுதியை ஒரு செல்லுக்கு ஒரு பிட் என்று வேகமாக எழுதிக்கொள்ளும், அதற்குப் பெயர் எஸ்எல்சி கேஷ். அது நிரம்பியதும் நேராக 4 பிட்டாக எழுத வேண்டும், மூச்சு வாங்கும். சாம்சங் 870 க்யூவோவின் விவரத்தாளில் இதை வெளிப்படையாகவே போட்டிருக்கிறார்கள்: 1 டிபி மாடலுக்கு கேஷ் 42 ஜிபி, அதன் பிறகு எழுதும் வேகம் நொடிக்கு 80 எம்பி. அப்படி எழுதி வைப்பதை நான் மதிக்கிறேன். பெரும்பாலான மலிவு மாடல்களில் "வரை" என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாவற்றையும் ஒளித்துவிடுகிறார்கள். ஸ்டூடியோக்காரருக்குப் பிறகு 870 ஈவோ வாங்கிக் கொடுத்தேன். க்யூஎல்சியைப் பழைய ஆல்பங்களைச் சேர்த்து வைக்கும் இடமாக வைத்துக்கொண்டார். ஒரு தடவை எழுதி, பல தடவை படிக்கும் வேலைக்கு அது பொருத்தமானது.

மலிவு டிரைவுகளில் இன்னொரு தொல்லை, பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் சரக்கு வேறு. 2014-இல் கிங்ஸ்டன் வி300இல் விமர்சனங்கள் வெளிவந்த பிறகு மெதுவான ஃபிளாஷ் சில்லு மாற்றப்பட்டது பெரிய பேச்சானது. 2021-இல் குரூஷியல் பி2 டிஎல்சியிலிருந்து க்யூஎல்சிக்கு மாறியது, டபிள்யூடி எஸ்என்550இலும் சில்லு மாறியது. மூன்றிலும் பெட்டியில் பெயர் மாறவில்லை. எனவே நண்பர் மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய அதே மாடல் உங்களுக்கும் அப்படியே உழைக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த விஷயத்தில் டிராம் உள்ள, 5 வருட வாரண்டி உள்ள வரிசைகளையே நான் கூடுதலாக நம்புகிறேன்.

பெயரே கேள்விப்படாத கம்பெனி டிரைவுகளைப் பற்றிச் சொல்ல மனது கனக்கிறது. இறுதியாண்டு மாணவர் ஒருவர் அப்படி ஒரு 512 ஜிபி வாங்கியிருந்தார், பெரிய கம்பெனி விலையில் பாதி. ஐந்தாவது மாதம் ஒரு காலை, விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் திரையில்கூட டிரைவே தெரியவில்லை. ஹார்ட் டிஸ்க் சாவதற்கு முன் பல நேரம் கிர் கிர் என்று சத்தம் போடும், கொஞ்சம் அவகாசம் கொடுக்கும். எஸ்எஸ்டி பெரும்பாலும் ஒன்றும் சொல்லாது, நேற்று இருந்தது இன்று இருக்காது. புராஜெக்ட் முழுக்க அதில்தான். பில்லில் கடை சீல் மட்டும் இருந்தது, கம்பெனி சர்வீஸ் என்று போய் நிற்க ஓர் இடம் இல்லை. அந்தப் பையன் என் மேஜைக்கு எதிரே ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தான். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், இந்தியாவில் வாரண்டி தரும் கம்பெனியின் பொருளா, பில்லில் சீரியல் எண் இருக்கிறதா என்று பாருங்கள். வாரண்டியில் டிரைவ்தான் திரும்ப வரும், டேட்டா வராது. பழைய ஹார்ட் டிஸ்கை 300 ரூபாய் கேஸ் ஒன்றில் போட்டு வாரம் ஒரு தடவை காப்பி எடுத்து வையுங்கள்.

2 டிபி, 4 டிபி என்று ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்கு வரும் போர்ட்டபிள் எஸ்எஸ்டிகளை இந்த அலசலில் சேர்க்கவே மாட்டேன். அவை மோசடி. உள்ளே ஒரு மெமரி கார்டு மட்டும் இருக்கும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள், உண்மையான கொள்ளளவு வெளியே வந்துவிடும்.

லேப்டாப் கொஞ்சம் புதிதாக இருந்து, சாட்டாவைவிட வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டியை ஏற்கும் எம்.2 என்ற சின்ன ஸ்லாட் இருந்தால் கணக்கே வேறு. இங்கே டிராம் இல்லாத டிரைவும் கம்ப்யூட்டரின் ராமில் சில பத்து எம்பியைக் கடன் வாங்கிப் பேரேட்டை வைத்துக்கொள்ளும். சாட்டாவில் அந்த வசதி கிடையாது. அதனால் மலிவு என்விஎம்இ பல நேரம் மலிவு சாட்டாவைவிட நல்ல பேரம். அதிலும் சின்ன எழுத்தைப் பாருங்கள். 1 டிபியில் குரூஷியல் பி3 க்யூஎல்சி, டிபிடபிள்யூ 220 டெராபைட், வாரண்டி 5 வருடம். கிங்ஸ்டன் என்வி2 320 டெராபைட், 3 வருடம், உள்ளே டிஎல்சியும் வரலாம், க்யூஎல்சியும் வரலாம். டபிள்யூடி புளூ எஸ்என்570 டிஎல்சி, 600 டெராபைட், 5 வருடம். வேகம் மூன்றுக்கும் அதே நொடிக்கு 3,500 எம்பி. விலையில் சில நூறு ரூபாய் வித்தியாசம் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு டபிள்யூடி பக்கம் போவேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும். 2025 பிப்ரவரியில் சான்டிஸ்க், வெஸ்டர்ன் டிஜிட்டலிலிருந்து பிரிந்து தனிக் கம்பெனி ஆனது, எஸ்எஸ்டி வியாபாரம் அவர்களோடு போனது. ஆகவே டபிள்யூடி டிரைவுக்கு வாரண்டி கேட்கப் போனால் சான்டிஸ்க் பெயர் வருவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அதே வருடம் டிசம்பரில் குரூஷியலின் தாய்க் கம்பெனியான மைக்ரான், அந்தப் பெயரில் நுகர்வோருக்கு விற்பதையே நிறுத்தப் போவதாக அறிவித்தது. ஏஐ டேட்டா சென்டர்கள் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் மெமரி விலையும் ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. விற்ற பொருளுக்கு வாரண்டி தொடரும் என்று சொல்லியிருக்கிறார்கள். கடையில் மிச்சம் இருக்கும் எம்எக்ஸ்500 பழைய விலையில் கிடைத்தால், பில்லோடு வாங்கிக்கொள்ளலாம்.

போன மாதம் அக்கா மகள் ஊருக்கு வந்தபோது அந்த ஏ400ஐ, டிரைவின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். இதுவரை எழுதியது 9 டெராபைட். விண்டோஸ் 10க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது, அந்த லேப்டாப் 11ஐ ஏற்காது. அதனால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றிக் கொடுத்தேன். "இன்னும் விக்கணுமா?" என்று கேட்டேன். "தம்பிக்குக் குடுக்கப் போறேன் மாமா" என்றாள்.