சாயமா, நியோடிமிய உறையா?

அகச்சிவப்பு ஒளியை இட்டெர்பியம் அயனி வாங்கிக் கொடுக்க, எர்பியம் அயனி பச்சையாக ஒளிரும் நானோ துகள்களின் பெருங்குறை, அவை ஒளியை வாங்குவதில் காட்டும் கஞ்சத்தனம். 4எஃப் எனப்படும் ஆற்றல் மட்டங்களுக்கு இடையில் எலக்ட்ரான்கள் தாவுவதைக் குவாண்டம் விதிகள் பெரும்பாலும் தடுப்பதால், 980 நானோமீட்டரில் இட்டெர்பியம் அயனியின் உறிஞ்சு குறுக்குவெட்டு (ஒளியைப் பிடிக்கும் திறனைப் பரப்பளவாகச் சொல்லும் அளவு) ஏறத்தாழ 10⁻²⁰ சதுர சென்டிமீட்டர்தான். இதை ஈடுகட்ட இரண்டு வழிகள் போட்டியிடுகின்றன.

முதல் வழி, துகளின் மேற்பரப்பில் சயனைன் சாய மூலக்கூறுகளை ஒட்டி, அவை பிடிக்கும் ஒளியாற்றலை உள்ளே கடத்துவது. சாய மூலக்கூறு ஒன்றின் குறுக்குவெட்டு, இட்டெர்பியம் அயனியினதைப் போல் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். 2012இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகக் குழு, ஐஆர்-806 என்ற சயனைன் சாயத்தால் ஒளிர்வு சுமார் 3,300 மடங்கு உயர்ந்ததாக அறிவித்தது. உறிஞ்சும் அலைநீள வரம்பு விரிந்ததன் பயனும் அதில் அடங்கும் என்பதால், ஒற்றை லேசரால் தூண்டும்போது அதே எண்ணை எதிர்பார்ப்பது நியாயமன்று.

சாயத்தைக் கூட்டிக்கொண்டே போனாலும் பயனில்லை; மூலக்கூறுகள் நெருங்கியதும் ஒன்றின் ஆற்றலை மற்றொன்று வீணடிக்க, ஏறிய ஒளிர்வு இறங்கத் தொடங்கும். அதைவிடப் பெரிய தொல்லை ஆக்சிஜன். லேசர் படப்பட, கிளர்வுற்ற ஆக்சிஜன் சாயத்தின் கார்பன் சங்கிலியை அறுக்க, குப்பியிலுள்ள கரைசலுக்குச் சாயம் தந்த பச்சை நிறம் வெளுத்துவிடுகிறது.

இரண்டாம் வழி, துகளைச் சுற்றி வளர்க்கும் நியோடிமிய அயனி கலந்த உறை; அது 808 நானோமீட்டரில் ஒளியை வாங்கி இட்டெர்பியத்திடம் ஒப்படைக்கிறது. குறுக்குவெட்டு இட்டெர்பியத்தினதைவிடப் பத்து மடங்கு மட்டுமே கூடுதல். ஆனால் படிகத்துக்குள் இருக்கும் அயனி வெளுப்பதில்லை. 808இல் நீர் மிகக் குறைவாகவே ஒளியை உறிஞ்சுவதால் படமெடுக்கும் உடல் திசு குறைவாகவே சூடாகிறது என்று இவ்வழியின் ஆதரவாளர்கள் சொல்வது உண்மையே. ஐஆர்-806 சாயமும் ஏறக்குறைய அங்கேயே உறிஞ்சுவதால், அதைத் தனிச் சிறப்பாகக் கொள்ள முடியாது. நியோடிமியத்தை எர்பியத்துக்கு அருகில் விட்டால் அது ஆற்றலைத் திரும்பப் பறித்துவிடும் என்பதால், இரண்டையும் தனித்தனி அடுக்குகளில் வளர்க்க வேண்டியிருக்கிறது.

துகளின் மேற்பரப்பில் ஆற்றல் வீணாவதைத் தடுக்க வளர்க்கும், இந்த அயனிகள் கலக்காத வெற்று உறையைத் தடிமனாக்கினால் சாயம் தோற்றுவிடும்; ஆற்றல் கடத்தல் தூரத்தின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் சரிகிறது. சாயத்தைத் தேர்பவர், வெற்று உறைக்குப் பதிலாக இட்டெர்பியமோ நியோடிமியமோ கலந்த உறையை வளர்ப்பதே முறை. செல்களை மணிக்கணக்கில் படமெடுப்பதற்கு நான் நியோடிமியத்தையே தேர்வேன். ஒருமுறை படித்துவிட்டு எறியும் சோதனைப் பட்டைக்குச் சாயமே போதும், அங்கே வெளுப்பதற்கு நேரமே இருக்காது.