பித்தளைக் குழாய்க்கு முகம் சீவும் கைக்கருவி: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தது

நான் செய்வது வார்ப்பு விளக்கு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாச்சியார்கோயில் பக்கம் பட்டறை என்றாலே காவிரி வண்டலில் அச்சு எடுத்து, பித்தளையை உருக்கி ஊற்றுகிற வேலை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அது பரம்பரையாக வந்த கைகளின் வேலை. என்னுடையது வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நடக்கிற பொருத்து வேலை. கடைசல் பிடித்த தட்டுகளை வாங்கி, தட்டுக்குத் தட்டு இடையில் ஒரு பித்தளைக் குழாய்த் துண்டை வைத்து, நடுவில் மரைக் கம்பியை ஓட்டி, மேலும் கீழும் நட்டு போட்டு இறுக்கினால் அடுக்கு விளக்கு தயார். பிரித்துப் பெட்டியில் போட்டு எந்த ஊருக்கும் அனுப்பலாம் என்பதுதான் இதன் வசதி.

இதில் பார்வைக்கு அற்பமாகத் தெரிகிற அந்தக் குழாய்த் துண்டுதான் விளக்கின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. நீளம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் வெட்டிய முகம் குழாய்க்குச் செங்குத்தாக இல்லாவிட்டால் உடனே தெரிந்துவிடும். 25 மி.மீ. விட்டமுள்ள குழாயில் ஒரு பக்கம் 0.3 மி.மீ. தாழ்ந்திருந்தால், அதற்கு மேலே ஒரு அடி உயரத்தில் உச்சி கிட்டத்தட்ட 3.6 மி.மீ. சாய்ந்து நிற்கும். அடுக்கு கூடக் கூட சாய்வும் சேர்ந்துகொண்டே போகும். பூசை அறையில் நேரே உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு வேறு வேலை என்ன, விளக்கைத்தானே பார்ப்பார்கள்.

வெட்டுவதற்கு வழிகள் நிறைய உண்டு. எல்லாவற்றையும் ஏதோ ஒரு காலத்தில் பயன்படுத்தியிருக்கிறேன். அங்குலத்துக்கு 32 பல் உள்ள ஹேக்சா பிளேடு பித்தளைக் குழாய்க்கு நல்லதுதான், ஆனால் எவ்வளவு கைப்பழக்கம் இருந்தாலும் அரம் போட்டு மூலைமட்டம் வைத்துப் பார்த்துத்தான் ஆகவேண்டும். பிளம்பர்கள் வைத்திருக்கும் சக்கரக் கட்டர் நேராக வெட்டும், சத்தமில்லை, தூள் இல்லை. ஆனால் அது வெட்டுவதில்லை, அழுத்திப் பிளக்கிறது. குழாயின் வாய் உள்பக்கம் சுருங்கி ஒரு விளிம்பு நின்றுவிடும். மரைக் கம்பி அதில் உரசும். பெரிய கட்-ஆஃப் மெஷினில் கல் சக்கரம் போட்டு வெட்டினால் பித்தளை அதில் அப்பிக்கொள்கிறது, குழாயும் கொதிக்கிறது. கார்பைடு பல் சக்கரம், அதுவும் பல் பின்சாய்வாக இருப்பது, போட்டால் வேலை சுத்தம். இன்றும் நான் முதல் வெட்டு அதில்தான் வெட்டுகிறேன். ஆனால் குழாயைப் பிடிக்கிற வைஸ் கொஞ்சம் ஆடினாலும் முகம் கோணும்.

மினி லேத், அதாவது சின்னக் கடைசல் இயந்திரம், வாங்கிவிடலாமே என்று பலர் சொன்னார்கள். காசு ஒரு பக்கம் இருக்கட்டும். ஏழு அங்குல மினி லேத்தில் சுழலும் தண்டின் (ஸ்பிண்டில்) துளை பெரும்பாலும் 20 மி.மீ. தான் இருக்கும். 25 மி.மீ. குழாய் அதற்குள் போகாது. துண்டாக வெட்டி, லேத்தில் பொருளைக் கவ்வுகிற சக்கில் பிடிக்கலாம் என்றால், ஒரு மி.மீ. கனமுள்ள குழாயை மூன்று தாடை சக் முக்கோணமாக அமுக்கிவிடும். விடுவித்ததும் முகம் அலையடிக்கும். குழாயின் விட்டத்துக்கே கடைந்த மென்தாடை செய்து போட்டால் சரியாகும், ஆனால் ஒவ்வொரு விட்டத்துக்கும் தனித்தனியாகச் செய்யவேண்டும். லேத் இருந்தால் வேறு நூறு வேலை செய்யலாம், மறுக்கவில்லை. இந்த ஒரு வேலைக்கு அது அதிகம்.

எனக்கு வழி கிடைத்தது கொஞ்சமும் எதிர்பாராத இடத்திலிருந்து. வெளிநாட்டில் ரைபிள் போட்டிகளில் சுடுகிறவர்கள் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். சுடும்போதும், பிறகு அச்சில் திணித்து அளவுக்குக் கொண்டுவரும்போதும் கூடு நீளமாகிவிடும். ஒவ்வொரு முறையும் வாயைச் சீவி நீளத்தைக் குறைக்கவேண்டும். .308 வின்செஸ்டர் என்ற ரகத் தோட்டாவின் கூட்டுக்கு உச்ச நீளம் 2.015 அங்குலம், சீவி வைக்கும் நீளம் 2.005 அங்குலம். இடையில் கால் மி.மீ. தான். இதற்கென்றே கேஸ் டிரிம்மர் என்று சின்னக் கைக்கருவிகள் அங்கே விற்கின்றன. நம் நாட்டில் அந்த வேலையின் பக்கமே போகவேண்டாம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆனால் கனம் குறைந்த பித்தளைக் குழாயின் வாயைச் செங்குத்தாக, ஒரே நீளத்துக்கு, கையால் சீவுவது என்பது அப்படியே என் வேலை. தோட்டா எனக்கு வேண்டாம், கருவியின் யோசனை மட்டும் போதும்.

அவற்றில் எனக்குப் பிடித்த விஷயம், ஒவ்வொரு கருவியும் நீளத்தை எங்கிருந்து அளக்கிறது என்பதில் வேறுபடுவது. லீ என்ற நிறுவனத்தின் கருவியில் ஒரு ஊசி கூட்டுக்குள் போய் அடித்துளை வழியாக வெளியே வந்து தட்டி நிற்கும். நீளத்தை மாற்றவே முடியாது. அது குறை போலத் தெரியும், ஆனால் ஒரே அளவு செய்கிறவனுக்கு அதுதான் நிம்மதி. ஃபார்ஸ்டர் நிறுவனத்தின் கருவி கூட்டின் அடி விளிம்பைக் காலெட்டில், அதாவது பிளந்த கவ்வு வளையத்தில், கவ்வும். எந்த அளவுக்கும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் விளிம்பின் கனம் மாறினால் கவ்வும் இடமும் மாறும். வில்சன் நிறுவனத்தின் கருவியில் கூட்டின் உடல் சரிவையே பயன்படுத்தி ஒரு உறைக்குள் செருகிப் பிடிக்கிறார்கள். கூட்டின் தோளிலிருந்து, அதாவது உடல் கழுத்தாகக் குறுகுகிற இடத்திலிருந்து, அளக்கிற மோட்டார் கருவிகளும் உண்டு. இவற்றையெல்லாம் பார்த்த பிறகு கட்டர் எந்த எஃகு, எத்தனை பல் என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டது. எதில் உட்கார்கிறது, எதில் கவ்வுகிறது, எதில் நிற்கிறது, இந்த மூன்றையும்தான் பார்க்கவேண்டும்.

அப்புறம் கும்பகோணத்தில் தெரிந்த ஒரு லேத் பட்டறையில் உட்கார்ந்து படம் போட்டோம். ஒரு முனையில் கெட்டியான தகடு, குழாயின் ஒரு வாய் அதில் தட்டி நிற்கும். நடுவில் பிளந்த புஷ் (குழாயைச் சுற்றி உட்காருகிற உறை), அதை ஒரு பிடியால் இறுக்கினால் குழாயைச் சுற்றிலும் சமமாகக் கவ்வும். எதிர்முனையில் கட்டர் தண்டு, அதன் நுனியில் குழாய்க்குள் நுழைந்து மையம் காட்டுகிற பைலட், பின்னால் சுழற்ற ஒரு கைப்பிடி. தண்டின் மேல் ஒரு காலர், அதாவது வளையம். அது தண்டைத் தாங்குகிற புஷ்ஷில் முட்டியதும் சீவுவது நின்றுவிடும். தண்டுக்கு பேரிங் போடலாமா அண்ணே என்று கேட்டேன். “எதுக்கு தம்பி, கையால சுத்துறதுதானே, கன்மெட்டல் புஷ் போதும், தேய்ஞ்சா மாத்திக்கலாம்” என்றார். இத்தனை வருடத்தில் அந்த புஷ் இன்னும் ஆடவில்லை. எண்ணெய் மட்டும் விடுகிறேன்.

கட்டர் சாதாரண ஹை ஸ்பீட் ஸ்டீல், நான்கு பல். பித்தளை வேலை செய்தவர்களுக்குத் தெரியும், எஃகுக்குத் தீட்டுகிற மாதிரி முன்சாய்வாகத் தீட்டினால் பித்தளையில் டூல் தானாக உள்ளே இழுத்துக்கொண்டு கடிக்கும். வெட்டு முகத்தைச் சமமாக, சாய்வே இல்லாமல் தீட்டவேண்டும். முதலில் வந்த கட்டர் பொதுவான தீட்டல். குழாய் வாயில் வரிவரியாகத் தடம் விழுந்தது. எண்ணெய்க் கல்லில் நான்கு பல்லின் முகத்தையும் லேசாகத் தட்டையாக்கியதும் தூள் மாவு போல உதிர ஆரம்பித்தது, தடம் போய்விட்டது. பித்தளைக்குக் குளிரூட்டும் எண்ணெய் எதுவும் தேவையில்லை. விட்டால் தூள் சகதியாகி எல்லா இடத்திலும் ஒட்டும், அவ்வளவுதான்.

பைலட் விஷயத்தில் ஒரு சொல். கடையில் குழாயை எடை போட்டுத்தான் கொடுப்பார்கள். வெளி விட்டம் ஒழுங்காக இருக்கும், உள் விட்டம் லாட்டுக்கு லாட் மாறும். பற்றவைத்த குழாயாக இருந்தால் உள்ளே தையல் மாதிரி ஒரு மேடு ஓடும். பைலட் அதில் சிக்கும். அதனால் நான் தையலில்லாத குழாயாகப் பார்த்துத்தான் எடுக்கிறேன். பைலட்டும் ஒரே விட்டத்தில் ஒன்று வைத்துக்கொண்டால் போதாது. கொஞ்சம் சிறிது, கொஞ்சம் பெரிது என்று சிலது கடைந்து வைத்திருக்கிறேன். பைலட் தொளதொளவென்று இருந்தால் முகம் சீவப்படும், ஆனால் மையம் விலகும்.

இனி நாள்பட்ட பிறகு தெரிந்தவை.

பிளந்த புஷ் முதலில் நைலானில் செய்தோம். பாலிஷ் போட்ட குழாயில் கீறல் விழக்கூடாது என்பதற்காக. சித்திரை வைகாசியில் அருமையாக இருந்தது. ஐப்பசி மழை பிடித்ததும் குழாயை உள்ளே செருகவே முடியவில்லை. நைலான் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி ஊதுகிற பொருள். டெல்டாவில் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் சுவரே வேர்க்கிறது, நைலான் என்ன செய்யும். மழை விட்டுக் காய்ந்ததும் பழையபடி தளர்ந்தது. அதை மாற்றி டெல்ரின் என்ற வேறொரு பிளாஸ்டிக்கில் செய்து போட்டேன். அது ஈரத்தை மிகக் குறைவாகத்தான் எடுக்கும். அதற்குப் பிறகு அந்தப் பிரச்சினை இல்லை. கடலோரம், ஆற்றோரம் இருக்கிறவர்கள் இதை முதலிலேயே கேட்டுச் செய்துகொள்வது நல்லது.

காலரைப் பிடிக்க ஒரு திருகு போட்டிருந்தார்கள். அந்தத் திருகு தண்டில் சின்னக் குழி போட்டுவிடும். அடுத்த முறை 0.2 மி.மீ. மட்டும் நகர்த்தி வைக்கலாம் என்றால் திருகு பழைய குழிக்கே வழுக்கிப் போகும். பிளந்து இறுக்குகிற காலராக மாற்றியதும் எந்த அளவிலும் நிற்கிறது. செலவு அதிகமில்லை, வித்தியாசம் பெரிது.

தூள்தான் நிரந்தரத் தொல்லை. தட்டி நிற்கிற தகட்டில் ஒரு துகள் மாட்டினாலும் குழாய் அந்த அளவுக்கு முன்னே தள்ளி உட்காரும், துண்டு நீளம் குறையும். ஒரு பக்கம் மட்டும் மாட்டினால் முகமே கோணும். பழைய பல் தேய்க்கும் பிரஷ் ஒன்று பக்கத்திலேயே தொங்குகிறது, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தட்டு. அதேபோல முதல் முகத்தில் பிசிறு இருந்தால் இரண்டாவது முகம் எவ்வளவு சுத்தமாகச் சீவினாலும் பயனில்லை. அதனால் எல்லாத் துண்டிலும் முதலில் ஒரு முகத்தை அளவு பார்க்காமல் சீவி, உள்ளும் வெளியும் பிசிறு எடுத்து, பிறகு அந்த முகத்தைத் தகட்டில் வைத்து மறுமுகத்தை அளவுக்குச் சீவுகிறேன். வேலை இரட்டிப்பு என்று தோன்றும். தோன்றட்டும்.

அளவு வெர்னியரில் 0.05 மி.மீ.க்குள் நிற்கிறது. என் வேலைக்கு அது தாராளம். மெஷினில் வெட்டிய சூட்டோடு அளக்கக்கூடாது என்பது மட்டும் கவனம். பித்தளை ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 19 மைக்ரான் அளவில் விரியும். 80 மி.மீ. துண்டு அறைச் சூட்டைவிட 40 டிகிரி கூடுதலாக இருந்தால் 0.06 மி.மீ. நீளமாகக் காட்டும். கையால் சுற்றிச் சீவும்போது அப்படிச் சூடேறுவதில்லை.

பாலிஷ் முன்னாலா பின்னாலா என்று கேட்பார்கள். முன்னால். சீவிய பிறகு பஃபிங் சக்கரத்தில் காட்டினால் விளிம்பு உருண்டுபோய், தட்டோடு ஒட்டுகிற இடத்தில் கறுப்பாக ஒரு கோடு தெரியும். முழுக் குழாயையும் பாலிஷ் போட்டு, வெட்டி, சீவி, விளிம்பில் மிகச் சின்னச் சரிவு மட்டும் கொடுத்து விட்டுவிடவேண்டும்.

கைக்கருவி என்பதால் கரண்ட் இல்லாவிட்டாலும் வேலை நிற்காது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி பக்கம் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரங்கள்தான் எங்களுக்கு முழு வேலை, புயலும் பெரும்பாலும் அப்போதுதான் வரும். ஹேக்சாவில் வெட்டி இதில் சீவினாலும் விளக்கு நேராகத்தான் நிற்கும், நேரம் மட்டும் கூடும்.

குறைகளும் உண்டு. நிறையத் துண்டுகளைத் தொடர்ந்து சீவினால் மணிக்கட்டு வலிக்கும். தண்டில் டிரில் மெஷினை மாட்டிப் பார்த்தேன். வேகமாகத்தான் போகிறது, ஆனால் காலர் முட்டுகிற இடத்தில் கைக்குத் தெரிகிற அந்த மெல்லிய தட்டல் தெரியாமல் போகிறது. வேகமாக அழுத்தினால் புஷ்ஷும் தேயும். அவசரமில்லாதபோது கையே சரி. இன்னொன்று, ஒரு விட்டத்திலிருந்து இன்னொரு விட்டத்துக்கு மாற புஷ், பைலட் இரண்டையும் மாற்றவேண்டும். தினமும் வேறு வேறு அளவு செய்கிறவர்களுக்கு இது அலுத்துப்போகும். அவர்கள் மென்தாடையோடு லேத் வாங்குவதே மேல். மாதத்துக்கு நாலைந்து விளக்கு செய்கிறவர்களுக்கு ஹேக்சா, அரம், மூலைமட்டம் போதும், இதில் காசைப் போடவேண்டாம். நடுவில் இருக்கிற என் மாதிரி ஆட்களுக்குத்தான் இது.

கண்ணாடி போடாமல் சீவாதீர்கள். பித்தளைத் தூள் ஊசி ஊசியாகவும் தெறிக்கும். குழாயில் ஈயம் பெரும்பாலும் இருக்காது, ஆனால் கடைசலுக்கென்று வருகிற பித்தளைக் கம்பியில் மூன்று சதவீதம் வரைகூட ஈயம் சேர்ப்பார்கள். அதையும் இதே மேசையில் கையாளுகிறவர்கள் கை கழுவாமல் சாப்பிட உட்காரக்கூடாது. தூளைக் கூட்டி வைத்தால் பழைய பித்தளை எடுக்கிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் இரும்புத் தூள் கலந்திருந்தால் விலையைக் குறைப்பார்கள். கொடுப்பதற்கு முன் ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி அதில் இரண்டு முறை ஓட்டிவிடுகிறேன்.