கொடுவாக் கூண்டுக்குப் பக்கத்தில் எதைக் கட்டலாம்: கல்லுமக்காயா, ஆளியா?

வெள்ளாற்று முகத்துவாரத்தில் நாங்கள் கூண்டு போட்டு கொடுவா வளர்க்கத் தொடங்கி மூன்று வருஷம் ஆகிறது. மீன் தின்றது போக மிஞ்சும் தீனியும் மீனின் கழிவும் அந்தத் தண்ணீரில்தான் சேர்கின்றன. அதைக் குறைக்க முதல் வருஷம், பாறையில் ஒட்டி வளரும் பச்சை ஓட்டுச் சிப்பியான கல்லுமக்காயைக் கயிற்றில் கட்டினேன். அடுத்த வருஷமே ஆற்றுவாய்ச் சிப்பியான ஆளிக்கு மாறிவிட்டேன். ஏன் மாறினேன் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். தண்ணீரை இழுத்து, செவுளில் வடிகட்டி, நுண்பாசியையும் மிதக்கும் நுண்துகளையும் தின்னும். பச்சையாகக் கலங்கிய தண்ணீரை இரண்டு வாளியில் மொண்டு, ஒன்றில் மட்டும் பத்துப் பன்னிரண்டு ஆளி போட்டு வைத்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அந்த வாளியில் அடி தெரிந்தது.

ஆனால் கூண்டிலிருந்து நேரே அடிக்கு இறங்கும் தீனித் துண்டை இவை தொடாது. கரைந்த அம்மோனியாவையும் நேராக எடுக்காது, அதில் வளரும் நுண்பாசியைத்தான் எடுக்கும். தீனியை அளக்காமல் கொட்டினால் எந்தச் சிப்பி கட்டியும் பிரயோஜனமில்லை. கரைந்த சத்தை உறிஞ்சக் கடற்பாசி வேண்டும். மண்டபம் பக்கத்தில் முனைக்காட்டில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கடல் விரால் கூண்டுக்கு அருகே 16 மூங்கில் மிதவைகளில் கப்பாஃபைகஸ் பாசி வளர்த்துக் காட்டியது. அது உப்பு குறையாத கடல். எங்கள் கலங்கல் ஆற்றுவாய்க்கு அந்தப் பாசி சரிப்படாது.

கல்லுமக்காயின் பெரிய பலம் வேகம். பாறையில் ஒட்டிய குஞ்சைக் கயிற்றின்மேல் பரப்பி, கொசுவலைப் பருத்தித் துணியால் சுற்றித் தைத்துத் தொங்கவிட வேண்டும். துணி இரண்டு மூன்று வாரத்தில் மக்கிப் போவதற்குள் குஞ்சு நார் விட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். ஐந்தாறு மாதத்தில் ஏழெட்டு சென்டிமீட்டர் வளர்ந்துவிடும். சதையும் நிறைய. கேரளத்தில் சந்தைக்குக் குறைவே இல்லை.

எங்களுக்குத் தீர்ப்புச் சொன்னது மழை. கல்லுமக்காய் கடல் உப்புக்குப் பழகியது. கடலில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு. கார்த்திகையில் ஆறு பெருகி வந்தால் முகத்துவாரத்தில் உப்பு கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடும். குஞ்சை நான் தாமதமாகக் கட்டியதால் வெள்ளத்துக்கு முன்னால் அறுவடைக்கு வரவில்லை. வெள்ளம் வந்த நாலாம் நாள் ஒரு கயிற்றைத் தூக்கினேன். ஓடுகள் எல்லாம் வாய் பிளந்து, உள்ளே சதை வெள்ளையாகக் கூழாகிக் கிடந்தது. கயிற்றை உதறினால் கொத்தாக விழுந்தது. நாற்றம் இரண்டு நாள் கையை விட்டுப் போகவில்லை. கழிவைக் குறைக்கக் கட்டியதே கூண்டுக்குப் பக்கத்தில் கழிவாகிப் போனது. உயிரோடு எடுத்துக் கரை சேர்த்தால்தான் அது தின்ற சத்து தண்ணீரை விட்டுப் போகும். செத்து அடியில் அழுகினால் அத்தனையும் திரும்பத் தண்ணீருக்கே.

ஆளி இந்த ஆற்றுவாயிலேயே பிறந்து வளர்வது. நன்னீர் வந்தால் ஓட்டை இறுக மூடிக்கொண்டு நாள் கணக்கில் காத்திருக்கும். குஞ்சைத் தேடி அலையவும் வேண்டாம். காலி ஆளி ஓட்டில் துளை போட்டு, ஐந்தாறாக நைலான் கயிற்றில் கோத்து, மழை ஓய்ந்து உப்பு ஏறிய பிறகு தொங்கவிட்டேன். கொஞ்ச நாளில் மிளகு அளவில் புள்ளி புள்ளியாகக் குஞ்சு ஒட்டியிருந்தது. போன வெள்ளத்தில் கொஞ்சம் செத்தது உண்மைதான், ஆனால் பெரும்பாலான சரங்கள் தப்பின. அந்த மழை அவ்வளவு நீளவில்லை. வாரக்கணக்கில் நன்னீர் நின்றால் ஆளியும் தாங்காது.

குறைகளும் உண்டு. வளர்ச்சி மெதுவானது. எடையில் பெரும்பகுதி ஓடுதான். கொட்டலசு என்னும் கூரான ஓட்டுப் பூச்சி மேலே ஏறி ஒட்டினால் சுரண்டியே ஆக வேண்டும், கையுறை இல்லாமல் தொட்டால் கை கிழியும். எங்கள் ஊர்ச் சந்தையில் ஆளி கேட்டு வருபவர் சொற்பம். ஓட்டைச் சுண்ணாம்புக்குக் கொடுக்கலாம், சதைக்கு நிலையான ஆள் இன்னும் கிடைக்கவில்லை. சாக்கடை கலக்கும் இடத்தில் வளர்ந்ததை, கல்லுமக்காயோ ஆளியோ, சுத்தமான கடல்நீரில் விட்டுக் கழுவாமல் சாப்பாட்டுக்குக் கொடுக்கவே கூடாது. தண்ணீரில் இருக்கும் கிருமியையும் சேர்த்துத்தான் அது வடிகட்டி வைத்திருக்கும்.

எதைக் கட்டினாலும் வலையை ஒட்டிக் கட்டாதீர்கள். நீரோட்டம் மறிபட்டால் விடியற்காலையில் மீன் மூச்சுக்கு மேலே வரும். நான் நாலைந்து மீட்டர் தள்ளி, வற்றும்போது தண்ணீர் போகும் பக்கத்தில், அடிச்சேற்றில் படாமல் கட்டியிருக்கிறேன். சிப்பியும் கழிக்கும், அது ஒரே இடத்தில் குவியக் கூடாது.

ஆறு கலக்காத திறந்த கடலில் கூண்டு போட்டவர் என்னைக் கேட்டால் கல்லுமக்காயைத்தான் சொல்வேன். எங்கள் இடத்துக்கு ஆளி. வரும் புரட்டாசியில் பெரிய ஆளி உள்ள சரங்களை வெள்ளத்துக்கு முன்பே எடுத்துவிட்டு, சின்னதை மட்டும் தண்ணீரில் விடப் போகிறேன்.