சென்னைப் புழுக்கத்தில் கலையாத கோடு: உல்ஃப் கறுப்பும் வெள்ளையும்

பட்டாம்பூச்சியின் இறக்கையை ஸ்பாஞ்சால் ஒற்றி முடிக்க இரண்டு நிமிடம் போதும். அந்த இறக்கைக்கு விளிம்பு கொடுக்கும் கறுப்புக் கோட்டை இழுக்கும்போதுதான் கை தயங்குகிறது. கோடு சரியாக அமைந்துவிட்டால் சற்றுத் திட்டுத்திட்டாக இருக்கும் அடிவண்ணம்கூடக் கண்ணில் படுவதில்லை, கோடு நடுங்கிவிட்டாலோ எவ்வளவு அழகாக நிறங்களைக் கலந்திருந்தாலும் முகம் அழுக்கானதுபோலத் தெரிகிறது. ஆறு ஆண்டுகளாகச் சென்னையில் பிறந்தநாள் விழாக்களிலும் பள்ளிக் கண்காட்சிகளிலும் குழந்தைகளுக்கு முக ஓவியம் தீட்டி வருகிறேன். கடந்த பதினான்கு மாதங்களாகக் கோடு போடுவதற்கென்றே தனியாக வைத்திருக்கும் உல்ஃப் நிறுவனத்தின் கறுப்பு, வெள்ளை முக வண்ண வட்டுகளைப் பற்றி இங்கே எழுதுகிறேன். கடலோர ஊரில் இந்த வேலையைச் செய்பவர்கள், வேறு எந்த நிறத்தை மாற்றாவிட்டாலும், இந்த இரண்டை மட்டுமாவது வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

உல்ஃப் வண்ணங்கள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவைச் சேர்ந்த இரட்டைச் சகோதரர்களான நிக் உல்ஃப், பிரையன் உல்ஃப் ஆகியோரின் பெயரால் வருபவை. இருவருமே முக ஓவியத்திலும் உடல் ஓவியத்திலும் பெயர்பெற்ற கலைஞர்கள். நீர் தொட்டு இளக்கிப் பயன்படுத்தும் வண்ணங்களில் பொதுவாக இரண்டு வகை உண்டு. ஒன்று கிளிசரின் மிகுந்த வகை. நியூயார்க்கில் 1927-இல் தொடங்கப்பட்ட மெஹ்ரான் நிறுவனத்தின் பாரடைஸ் வண்ணங்கள் இதில் அடங்கும். தூரிகை பட்டவுடன் குழைந்து கொடுக்கும், ஒரு நிறத்தை இன்னொன்றோடு இழைய விடுவதற்கு மிகவும் ஏற்றது. மற்றொன்று மெழுகு சேர்ந்த வகை. உல்ஃப் இந்த வகையைச் சேர்ந்தது. தொட்டால் சற்றுக் கெட்டியாக இருக்கும், இளகுவதற்குச் சிறிது நேரம் எடுக்கும், ஆனால் குறைந்த நீரிலேயே அடர்ந்த நிறம் தரும், காய்ந்த பிறகு எளிதில் கரையாது.

இந்த வேறுபாடு பெங்களூரில் வேலை செய்பவருக்கு அவ்வளவு பெரிதாகத் தோன்றாமல் இருக்கலாம். சென்னையில் அது நாளுக்கு நாள் கையில் தெரிகிற விஷயம். கிளிசரின் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நிற்கும் மாலை நேரங்களில் அந்த வகை வண்ணத்தால் போட்ட கோடு காய்ந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே பிசுபிசுப்பாகவே இருக்கிறது. வேறொரு நிறுவனத்தின் பெட்டியைப் பயன்படுத்திக்கொண்டிருந்த காலத்தில், செப்டம்பர் மாதத்து மாடி விழா ஒன்றில், ஐந்து வயதுப் பையன் ஒருவனுக்குப் புலி முகம் வரைந்தேன். கன்னத்துக் கோடுகள் நன்றாகவே வந்திருந்தன. அரை மணி நேரம் ஓடி விளையாடிவிட்டு அவன் அம்மாவின் தோளில் சாய்ந்தபோது, மூன்று கோடுகள் அப்படியே அவருடைய பட்டுப் புடவைக்கு இடம் மாறிவிட்டன. அவர் எதுவும் சொல்லவில்லை, எனக்குத்தான் அன்றிரவு உறக்கம் வரவில்லை. அதன் பிறகே கோட்டுக்கென்று தனி வண்ணம் தேடத் தொடங்கினேன்.

உல்ஃப் கறுப்பு வந்த முதல் வாரத்தில் எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய பழக்கத்தில் தூரிகையை நீரில் நனைத்து வட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி எடுத்தேன். வந்தது வெளிறிய சாம்பல் நீர். தவறு என்னுடையது. மெழுகு வண்ணத்தை இளக்க வேண்டிய முறை வேறு. வட்டின் மேல் ஒரே ஒரு முறை நீர் தெளித்து அரை நிமிடம் ஊறவிட்டு, தூரிகையை நனைத்து நன்றாக ஒற்றி எடுத்து, நுரை எழாதவாறு ஒரே இடத்தில் மெல்லச் சுழற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

பதத்தைச் சொல்வதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உவமை இழைக்கோலம். அரிசி மாவு நீர்த்துப் போனால் தரையில் படரும், காய்ந்ததும் வெளுத்துவிடும். கெட்டியாக இருந்தால் விரலை விட்டு இறங்காமல் இழை நடுவில் அறும். விரல் நுனியிலிருந்து தானாக இறங்கி, இறங்கிய இடத்திலேயே நிற்கும் பதம் ஒன்று உண்டல்லவா, கறுப்பு வண்ணத்துக்கும் அதே பதம்தான். ஒவ்வொரு குழந்தைக்கும் முன்னால் என் இடது கை மணிக்கட்டில் இரண்டு அங்குல நீளத்துக்கு ஒரு கோடு இழுத்துப் பார்க்கிறேன். விளிம்பில் மயிர்க்கால் போலப் பிசிறு கிளம்பினால் நீர் அதிகம், தூரிகையை ஒருமுறை துணியில் தொட்டு எடுக்கிறேன். கோட்டின் பாதியில் வறண்ட வரிகள் தெரிந்தால் நீர் போதவில்லை, தூரிகையின் நுனியை மட்டும் நீரில் தொட்டுக்கொள்கிறேன். இந்த ஒரு பழக்கத்தால் என் கோடுகள் திருந்திய அளவு வேறெதனாலும் திருந்தவில்லை.

பதம் அமைந்த பிறகு இந்தக் கறுப்பு தரும் கோடு உண்மையிலேயே அருமையானது. புலியின் கன்ன வரியை எடுத்துக்கொள்ளலாம். காதுப் பக்கத்தில் தூரிகையின் வயிற்றுப் பகுதி தோலில் படியுமாறு அழுத்தித் தொடங்கி, மூக்கை நோக்கி இழுக்க இழுக்க அழுத்தத்தைக் குறைத்து, கடைசியில் நுனி மட்டும் உரசி மேலே எழ வேண்டும். சுண்டுவிரலைக் குழந்தையின் தாடையில் மெல்ல ஊன்றி, மணிக்கட்டை அசைக்காமல் முழங்கையிலிருந்து இழுத்தால் கோடு நடுங்குவதில்லை. நீர்த்த வண்ணமாக இருந்தால் அந்தக் கூர்முனை உருண்டு திரண்டுவிடும். உல்ஃப் கறுப்பில் தலைமுடி அளவு மெலிந்த முனையும் கறுப்பாகவே முடிகிறது, மேலே இன்னொரு முறை பூச வேண்டிய தேவை இல்லை. குழந்தை திடீரெனச் சிரித்துக் கன்னம் மேலே ஏறும்போதும், பத்து நொடிக்கு முன் போட்ட கோடு பக்கத்துத் தோலில் ஒட்டிக்கொள்வதில்லை. கிளிசரின் வகையில் பூசிய ஆரஞ்சு அடிவண்ணத்தின் மேலும் இதைத் தாராளமாகப் போடலாம். அடிவண்ணம் விரலில் ஒட்டாத அளவு காய்ந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

வெள்ளை வட்டு கறுப்பைவிடச் சற்று முரண்டு பிடிக்கும். அதை இன்னும் குறைந்த நீரில், ஏறத்தாழத் தயிரின் பதத்தில் எடுக்க வேண்டும். கறுப்புக் கோட்டின் மேல் வைக்கும் ஒளிப் புள்ளிகளையும் கண்ணீர்த்துளி வடிவங்களையும் ஒரே தொடுதலில் முடித்துவிட வேண்டும். திருத்துவதற்காக இரண்டாம் முறை அதே இடத்தில் தூரிகையை வைத்தால் அடியில் உள்ள கறுப்பு கிளம்பி வெள்ளை சாம்பலாகிவிடும். அந்த ஒழுக்கம் கைவந்துவிட்டால், நீலமோ கறுப்போ எதன் மேல் வைத்தாலும் வெள்ளை வெள்ளையாகவே நிற்கிறது. பனி இளவரசி கேட்கும் பெண் குழந்தைகளின் நெற்றியில் வரையும் சுருள் கொடிகளுக்கு இதைவிட நல்ல வெள்ளையை நான் பயன்படுத்தியதில்லை.

எவ்வளவு நல்ல வண்ணமும் பழைய தூரிகையில் வீணாகும். செயற்கை இழைகளால் ஆன உருண்டைத் தூரிகைகளில் 3-ஆம் எண்ணும் 5-ஆம் எண்ணும் எனக்குப் போதுமானவையாக இருக்கின்றன. நீண்ட மெல்லிய இழைகள் கொண்ட லைனர் தூரிகையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். அசையாமல் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கு அது நன்றாகவே வரும், குழந்தை முகம் திருப்பும்போது அந்த நீண்ட இழை வாலைப்போல அலைந்து கோட்டைக் கெடுத்துவிடுகிறது. வட கேரளத்தில் தெய்யம் கட்டும் கலைஞர் தரையில் மல்லாந்து படுத்திருக்க, தென்னை ஈர்க்கைக் கொண்டு அவர் முகத்தில் நுண்ணிய கோடுகளை எழுதுகிறார்கள்; முகத்தெழுத்து என்றே அதற்குப் பெயர். அந்தக் கோடுகளின் சீர்மையைப் பார்க்கும்போதெல்லாம், கருவியின் விலையைவிட அதன் நுனி கையோடு எவ்வளவு பழகியிருக்கிறது என்பதே முக்கியம் என்று தோன்றுகிறது. ஓவியப் பொருள் கடையில் கிடைக்கும் சாதாரணத் தூரிகையே போதும், அக்ரிலிக் தொட்ட தூரிகை மட்டும் கூடாது. அக்ரிலிக் வண்ணத்தின் புட்டியில் நச்சற்றது என்று எழுதியிருந்தாலும் அது தோலுக்கானது அல்ல.

குறைகளும் உண்டு. மெழுகு வகை வண்ணங்களைக் கனமாகப் பூசினால் முகம் அசையும் இடங்களில், குறிப்பாக வாயைச் சுற்றி, வெடிப்பு விழும். ஆகவே முகம் முழுவதற்கும் அடிவண்ணமாக இதைப் பூச நினைப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு வட்டின் விலைக்கு உள்ளூரில் பன்னிரண்டு நிறங்கள் கொண்ட பெட்டியே கிடைக்கும் என்பதும் உண்மை. ஆனால் கோட்டுக்கு மட்டும் பயன்படுத்தியதால் 30 கிராம் கறுப்பு வட்டில் பதினான்கு மாதங்களுக்குப் பிறகும் பாதி மீதமிருக்கிறது. முதல் முறை வாங்கியபோது இணைய விற்பனையாளர் ஒருவர் அனுப்பிய வட்டு உடைந்தே வந்து சேர்ந்தது; சில துளி நீர் விட்டு விரலால் அழுத்திப் படியவைத்து ஓர் இரவு திறந்து வைத்ததில் அது சரியாகிவிட்டது.

கலைப்பதைப் பற்றிப் பெற்றோர்கள் தவறாமல் கேட்கிறார்கள். ஈரத் துடைப்பான்களால் தேய்ப்பதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. அது கறுப்பைக் கன்னம் முழுவதும் இழுத்துவிடும், தோலும் சிவந்துவிடும். குழந்தைக்கு வழக்கமாகப் போடும் சோப்பை உள்ளங்கையில் நுரையாக்கி, காய்ந்த முகத்தின் மேல் நேரடியாகத் தடவி, ஒரு நிமிடம் விட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவினால் உல்ஃப் கறுப்பு நன்றாகவே போய்விடுகிறது. புருவத்தின் ஓரத்தில் ஏதேனும் நிழல்போல ஒட்டியிருந்தால் ஒரு துளித் தேங்காய் எண்ணெய் போதும்.