தலைமையை மாற்றுவதா, தற்காப்பை மாற்றுவதா? டாம்பா தோல்விக்குப் பின் பிலடெல்ஃபியாவின் முன் நின்ற வழிகள்

2024 ஜனவரி 16, மாட்டுப் பொங்கல் காலை. அமெரிக்காவில் அது இன்னும் திங்கட்கிழமை இரவு. வாசலில் போட்ட மாக்கோலம் காய்வதற்குள் அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்லில் எங்கள் அணியின் சீசன் முடிந்துவிட்டது. டாம்பா பே பக்கனீர்ஸ் 32, பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 9. தோற்றால் வெளியே என்ற பிளே ஆஃப் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே வெளியேற்றம்.

தோற்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். தோற்ற விதம்தான் ஆறவில்லை. டாம்பாவின் டேவிட் மோர் ஒரு சின்ன பாஸை வாங்கி 44 யார்டு டச் டவுனாக (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது) மாற்றினார். அவர்களுடைய டிரே பால்மர் 56 யார்டுக்கு ஓடினார். இரண்டு தடவையும் பிடிக்க வேண்டிய ஆள் பக்கத்திலேயே இருந்தார், பிடிதான் நிற்கவில்லை. பந்தை எறியும் அவர்களுடைய குவாட்டர்பேக் பேக்கர் மேஃபீல்ட் 337 யார்டும் 3 டச் டவுனும் எடுத்துக்கொண்டு போனார். எங்கள் தாக்குதல் ஆட்டக்காரர்கள் மூன்றாவது டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் மூன்றாவது) 9 முறை முயன்று ஒருமுறைகூடத் தேறவில்லை.

நவம்பர் கடைசியில் 10 வெற்றி, 1 தோல்வி என்று இருந்த அணி இது. அதன் பிறகு ஆடிய ஏழு ஆட்டங்களில் ஆறு தோல்வி. சான் பிரான்சிஸ்கோ 42-19 என்று நொறுக்கியது, டாலஸ் 33-13 என்று அடித்தது. டிசம்பர் நடுவில் தற்காப்புப் பொறுப்பாளர் ஷான் தேசாயிடமிருந்து ஆட்டத் திட்டத்தைப் பிடுங்கி மாட் பட்ரீஷியாவிடம் கொடுத்தார்கள். அந்த மாற்றத்துக்குப் பின் வந்த முதல் ஆட்டத்திலேயே, சியாட்டிலின் மாற்று குவாட்டர்பேக் டிரூ லாக் கடைசி நிமிடங்களில் 92 யார்டு ஓட்டிக்கொண்டு வந்து 20-17 என்று ஜெயித்துவிட்டார். ஆண்டின் கடைசி நாளில் அரிசோனாவிடம் 35-31 என்று தோற்றோம். அரிசோனாவின் பயிற்சியாளர் ஜோனதன் கேனன், முந்தைய ஆண்டுவரை எங்கள் தற்காப்பை நடத்தியவர்.

அந்த வாரம் முழுக்க ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றோம். தலைமைப் பயிற்சியாளர் நிக் சிரியானியை அனுப்பிவிட வேண்டும் என்றது ஒரு கட்சி. அவர் இருக்கட்டும், இரு பக்கப் பொறுப்பாளர்களையும் மாற்றினால் போதும் என்றது மறு கட்சி. நான் முதல் கட்சி. தெற்கு நியூ ஜெர்சியில் முப்பது வருடமாக இருக்கும், எனக்கு இந்த ஆட்டத்தைப் பழக்கிய அண்ணன் இரண்டாம் கட்சி.

முதல் கட்சியின் கையில் ஒரு பெரிய துருப்புச்சீட்டு இருந்தது. டாம்பா ஆட்டத்துக்கு நான்கு நாள் முன்பு, ஜனவரி 11 அன்று, பில் பெலிசிக் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸை விட்டு வெளியே வந்திருந்தார். தலைமைப் பயிற்சியாளராக லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை ஆறு முறை வென்றவர், பிறவித் தற்காப்புக்காரர். டென்னசி அணியும் தன் தலைமைப் பயிற்சியாளர் மைக் வ்ரேபலை அனுப்பிவிட்டிருந்தது. இவ்வளவு பேர் ஒரே சமயத்தில் வெளியே நிற்கும் வாய்ப்பு அடிக்கடி வராது. வலுவான வாதம் இன்னொன்றும் இருந்தது. 2022 சீசனுக்குப் பின் கேனனும் தாக்குதல் பொறுப்பாளர் ஷேன் ஸ்டைக்கனும் வேறு அணிகளுக்குத் தலைமை ஏற்கப் போனார்கள். போன மறு ஆண்டே அணி சரிந்தது. அப்படியானால் முந்தைய வெற்றி யாருடையது? உதவியாளர்கள் போனதும் தடுமாறும் தலைமை எதற்கு? இந்தக் கேள்விக்கு அன்றைக்கு யாராலும் நேரான பதில் சொல்ல முடியவில்லை.

மறு கட்சியின் கணக்கு வேறு. சிரியானி 2021இல் வந்தவர். மூன்று ஆண்டும் அணி பிளே ஆஃப் போயிருக்கிறது, ஒருமுறை சூப்பர் பௌலையும் தொட்டிருக்கிறது. தலைமையை மாற்றினால் இரு பக்கத்துத் திட்டங்களும் அவற்றைச் சொல்லும் குறிச்சொற்களும் அடியோடு மாறும். குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அண்ணன் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "தம்பி, ஓட்டை எங்கே இருக்குன்னு பாரு. கூரையில ஒழுகினா கூரையை மாத்து, வீட்டையே இடிக்காதே."

ஓட்டை எங்கே என்பதில் மட்டும் இரு கட்சிக்கும் சண்டை இல்லை. 2023இல் விட்டுக்கொடுத்த புள்ளிகளில் ஈகிள்ஸ் 32 அணிகளில் 30வது இடம். பாஸ் தற்காப்பில் கடைசிக்கு முந்தைய இடம்.

உரிமையாளர் ஜெஃப்ரி லூரி இரண்டாம் வழியை எடுத்தார். சிரியானி இருந்தார், இரு பொறுப்பாளர்களும் போனார்கள். தாக்குதலுக்குக் கெலன் மோர் வந்தார், தற்காப்புக்கு விக் ஃபேஞ்சியோ. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இப்போதும் நினைவிருக்கிறது. ஆனால் தலைமைச் சண்டையைவிட முக்கியமான சண்டை அதற்குப் பிறகுதான் தொடங்கியது: வருகிறவர் எப்படிப்பட்ட தற்காப்பு ஆட வேண்டும்?

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாக. தற்காப்பில் 11 பேர். வழக்கமாக நான்கு பேர் முன்னால் பாய்ந்து, பந்தை எறியும் குவாட்டர்பேக்கைத் துரத்துவார்கள். மற்ற ஏழு பேர் பின்னால் நின்று பாஸைத் தடுப்பார்கள். ஐந்தாவது, ஆறாவது ஆளையும் பாய விட்டால் அது பிளிட்ஸ். எறிகிறவருக்கு நேரம் கிடைக்காது. அதற்கான விலை, பின்னால் ஒரு ஆள் குறைவு. யாராவது ஒருவர் ஏமாந்தாலோ, பிடி தவறினாலோ, அப்புறம் தடுக்க ஆளே இருக்காது.

பிலடெல்ஃபியாவுக்கு பிளிட்ஸ் மேல் இருக்கும் பாசத்துக்குக் காரணம் உண்டு. 1980களில் அங்கே தலைமைப் பயிற்சியாளராக இருந்த பட்டி ரயன், அதற்கு முன் 1985 சிகாகோ பேர்ஸின் பாய்கிற தற்காப்பைக் கட்டியவர். 1999 முதல் 2008 வரை தற்காப்புப் பொறுப்பாளர் ஜிம் ஜான்சன். எந்த மூலையிலிருந்து யார் பாய்வார் என்று எதிரணிக்குக் கடைசி நொடிவரை தெரியாது. பின்வரிசையின் கடைசிக் காவலான சேஃப்டி இடத்தில் நின்ற பிரையன் டாக்கின்ஸ் திடீரென்று குவாட்டர்பேக் மேல் வந்து விழுவார். ஜான்சன் 2009இல் மறைந்தார், அந்த ஊர் இன்னும் அவரை மறக்கவில்லை. அண்ணன் பழைய வெட்டரன்ஸ் ஸ்டேடியத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தவர். தலைமை விஷயத்தில் நிதானம் பேசிய அதே அண்ணன் இந்த விஷயத்தில் கொதித்தார். பாய்கிற ஆட்டம்தான் வேண்டும், இல்லையென்றால் இந்த ஊருக்குத் தற்காப்பே வேண்டாம் என்றார். அந்த ஜனவரியில் நியூ யார்க் ஜயண்ட்ஸை விட்டு வந்திருந்த விங்க் மார்டின்டேல் அவருக்குப் பிடித்த பெயர். ஓயாமல் பிளிட்ஸ் அனுப்புகிறவர்.

ஃபேஞ்சியோ அதற்கு நேர் எதிர். பென்சில்வேனியாவின் டன்மோரில் பிறந்தவர், பொறுப்பேற்றபோது 65 வயது. சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ, டென்வர், மயாமி என்று சுற்றி வந்தவர். இரண்டு சேஃப்டிகளையும் ஆழத்தில் நிறுத்துவார், நான்கு பேரை மட்டும் முன்னால் அனுப்புவார். பந்து எறிந்த பிறகு எல்லோரும் பந்தை நோக்கி ஓடிவந்து அமுக்க வேண்டும். தலைக்கு மேலே போகும் நீண்ட பாஸ் கூடாது என்பது முதல் விதி. சின்னச் சின்னதாக எடுத்துக்கொள், பத்துத் தடவை தப்பில்லாமல் ஆடினால்தான் புள்ளி என்று எதிரணியைக் காக்க வைக்கும் முறை.

இந்த முறைமேல் ரசிகர்களுக்கு இருந்த பயம் நியாயமானதுதான். கேனனும் ஏறக்குறைய இதைத்தான் ஆடினார். 2022இல் அவருடைய ஆட்கள் வழக்கமான சீசனில் 70 சாக் (பந்தை எறியும் முன்பே குவாட்டர்பேக்கை வீழ்த்துவது) எடுத்தார்கள், எல்லாக் காலச் சாதனைக்கு இரண்டே குறைவு. அந்த ஆண்டு சூப்பர் பௌலில் கன்சாஸ் சிட்டியின் குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸை ஒருமுறைகூட வீழ்த்த முடியவில்லை. இரண்டாம் பாதியில் கோல் கோட்டருகே ஒரே வகை ஏமாற்று நகர்வில் இரண்டு பேர் தனியாக நின்று டச் டவுன் வாங்கினார்கள். 38-35, கோப்பை கன்சாஸ் சிட்டிக்குப் போனது. அடுத்து வந்த தேசாயும் சிகாகோவில் ஃபேஞ்சியோவிடம் தொழில் கற்றவர். ஒரே பள்ளியின் சாயல் கொண்ட இரண்டு பேரைப் பார்த்தாயிற்று, இப்போது வாத்தியாரையே கூட்டி வருவதா என்று அண்ணன் கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை.

இரண்டு முறையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது நாங்கள் இருவரும் கவனிக்காத ஒன்று இருந்தது. டாம்பாவில் நடந்தது பாய்ச்சல் குறைந்ததால் வந்த தோல்வி அல்ல. பந்தை வாங்கியவனைக் கீழே தள்ள முடியாததால் வந்தது. பிடி தவறும் அணிக்கு பிளிட்ஸ் நஞ்சு, ஏனென்றால் தவறிய பிடிக்குப் பின்னால் அங்கே ஆள் இல்லை. அதே அணிக்கு ஃபேஞ்சியோ முறையும் உதவாது, ஏனென்றால் எதிரணிக்கு ஐந்து யார்டு தாராளமாகக் கொடுத்து, ஆறாவது யார்டில் அமுக்குவதுதான் அதன் உயிர். அமுக்கும் கை இல்லையென்றால் ஐந்து யார்டு ஐம்பதாகும். ஆக, எந்த முறையை எடுத்தாலும் பின்வரிசைக்குப் புது ஆட்கள் தேவை. வித்தியாசம், எந்த வகை ஆள் என்பதில். பிளிட்ஸ் ஆட வேண்டுமானால், ஒற்றைக்கு ஒற்றை நின்று நாள் முழுக்க ஒருவனைக் கட்டிவைக்கும் கார்னர்பேக்குகள் இரண்டு பேர் வேண்டும். அதற்குப் பணமும் அதிகம், கிடைப்பதும் அரிது. ஃபேஞ்சியோ முறைக்கு வேண்டியது களத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள், பயமில்லாமல் மோதிப் பிடிப்பவர்கள்.

பொது மேலாளர் ஹௌவி ரோஸ்மன் வாங்கியது அப்படிப்பட்டவர்களைத்தான். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் 2024 டிராஃப்டில் முதல் சுற்றில் குவின்யான் மிச்செல், இரண்டாம் சுற்றில் கூப்பர் டீஜீன். முந்தைய நான்கு ஆண்டும் நியூ ஆர்லியன்ஸில் பெரும்பாலும் பந்தை உதைக்கும் நேரங்களுக்கான சிறப்பு அணிகளில் ஆடிய ஸாக் பான், ஓர் ஆண்டு ஒப்பந்தத்தில் வந்தார். அவர் ஓரத்தில் பாய்கிறவர் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஃபேஞ்சியோ அவரை முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் நடு லைன்பேக்கராக நிறுத்தினார்.

முதல் மாதம் அண்ணனின் மாதம். செப்டம்பர் 16 அன்று அட்லாண்டாவின் கர்க் கஸின்ஸ் கடைசி நிமிடத்தில் 70 யார்டு ஓட்டி 22-21 என்று ஜெயித்தார். இரண்டு சேஃப்டிகள் ஆழத்தில் நிற்க, நடுவில் திறந்து கிடந்த இடத்தில் பாஸ் மேல் பாஸ். செப்டம்பர் 29, மறுபடி டாம்பா, மறுபடி மேஃபீல்ட், 33-16. "மெத்தைத் தற்காப்பு" என்று அண்ணன் பெயர் வைத்தார். 2 வெற்றி, 2 தோல்வி. பெலிசிக் அப்போது எந்த அணியிலும் இல்லை. அந்த வாரம் ஓட்டெடுப்பு வைத்திருந்தால் எங்கள் கட்சியே ஜெயித்திருக்கும்.

ஓய்வு வாரம் முடிந்ததும் டீஜீன் ஸ்லாட் இடத்துக்கு, அதாவது எதிரணியில் உள்பக்கம் நின்று பாஸ் வாங்குகிறவரைக் காக்கும் இடத்துக்கு வந்தார். தொடர்ந்து பத்து வெற்றி. அந்தப் பத்தில் எனக்கு ஒரு காட்சி போதும். டிசம்பர் 1, பால்டிமோர். டெரிக் ஹென்றி, 110 கிலோவுக்கு மேல் எடை, வெட்டவெளியில் வேகம் பிடித்து வருகிறார். எதிரே புதுப் பையன் டீஜீன் மட்டும். நேராக மோதித் தூக்கி மல்லாக்கத் தள்ளினார். டாம்பாவில் இல்லாமல் போனது அதுதான். அந்தக் கை இருந்தால் பின்னால் நிற்பவர்கள் நிம்மதியாக நிற்கலாம், முன்னால் நான்கு பேரே போதும். சீசன் முடிவில் விட்டுக்கொடுத்த யார்டுகளில் ஈகிள்ஸ்தான் லீக்கிலேயே மிகக் குறைவு. ஸாக் பான் முதல்நிலை ஆல் புரோ, அதாவது ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலில் முதல் வரிசை.

பெலிசிக் வந்திருந்தால் இதைவிட நன்றாக நடந்திருக்குமா? அதை யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் எங்கள் கட்சி ஒரு கணக்கை விட்டுவிட்டது. தலைமையை மாற்றியிருந்தால் தாக்குதல், ஊழியர்கள், டிராஃப்ட் முன்னுரிமை எல்லாவற்றையும் ஒரே கோடையில் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும். பின்வரிசை என்ற ஒரே புண்ணில் முழுக் கவனமும் விழுந்திருக்காது. தற்காப்புக்காகத் தலைமையை மாற்றச் சொன்ன நாங்கள், தற்காப்புக்குக் கிடைக்க வேண்டிய நேரத்தைக் கெடுத்திருப்போம். இரண்டாம் வழிக்கும் விலை உண்டு. நல்ல பொறுப்பாளர்கள் வேறு அணிக்குத் தலைமை ஏற்கப் போய்விடுவார்கள். கெலன் மோர் ஒரே சீசனில் நியூ ஆர்லியன்ஸுக்குப் போனார். எங்கள் கட்சியின் பழைய கேள்வி அந்த அளவில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

2025 பிப்ரவரி 10, திங்கட்கிழமை காலை ஐந்து மணி. நியூ ஆர்லியன்ஸில் சூப்பர் பௌல், எதிரே மறுபடி மஹோம்ஸ். கன்சாஸ் சிட்டியின் தற்காப்பை நடத்தியவர் ஸ்டீவ் ஸ்பேக்நுவோலோ, எங்கள் ஜிம் ஜான்சனிடம் பிலடெல்ஃபியாவில் எட்டு ஆண்டு வேலை பார்த்தவர். அண்ணன் ஏங்கிய அந்தப் பழைய பிளிட்ஸ் பள்ளி அன்றைக்கு எதிர்ப்பக்கம் நின்றது.

ஃபேஞ்சியோ அன்று முழுக்க ஒரு பிளிட்ஸ்கூட அனுப்பவில்லை. நான்கு பேர் மட்டுமே பாய்ந்தார்கள். மஹோம்ஸ் ஆறு முறை வீழ்ந்தார், அவர் வாழ்க்கையிலேயே அதிகம். எங்கள் ஜாஷ் ஸ்வெட்டுக்கு மட்டும் இரண்டரை சாக். முதல் பாதியில் கன்சாஸ் சிட்டி எடுத்தது மொத்தம் 23 யார்டு. இரண்டாம் கால்பகுதியில் மஹோம்ஸ் நெருக்கடியில் வலப்பக்கம் ஓடிக்கொண்டே உள்ளே எறிந்தார். அங்கே டீஜீன் நின்றிருந்தார். பந்தைப் பறித்து 38 யார்டு ஓடி டச் டவுன். அன்று அவருக்கு 22வது பிறந்தநாள். பாதியில் 24-0, முடிவில் 40-22.

இடைவேளையில் அண்ணன் கூப்பிட்டார். அங்கே இரவு, பின்னால் தெருவெல்லாம் ஹாரன் சத்தம். "நாலு பேருதான் போறாங்க தம்பி," என்றார், "நாலே பேரு." குரல் உடைந்திருந்தது. ஜான்சன் காலத்திலிருந்து காத்திருந்த மனிதர், தனக்குப் பிடிக்காத ஆட்டத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்.