சோபர் பர்த்டேக்கு என்ன கொடுக்கலாம்? டோக்கன், சாவி டேக், பதக்கம், ஆத்தங்குடிக் கல்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் குடிநோய் மீட்புக் குழு நடத்துகிறவர்கள் சோபர் பர்த்டேக்கு (குடியை நிறுத்திய நாளிலிருந்து எண்ணிக் கொண்டாடும் நிறைவு நாள்) வாங்கக்கூடிய நான்கு பொருள்களை இங்கே எடைபோட்டிருக்கிறோம். அழகு, விலை எல்லாம் பிறகு. சாயங்காலம் ஆறரை மணிக்கு, டாஸ்மாக் இருக்கும் தெருவைத் தாண்டும்போது அந்தப் பொருள் கையில் தட்டுப்படுமா என்பதுதான் முதல் கேள்வி. அதை வைத்துப் பார்த்தால் முதல் மூன்று மாதத்துக்குச் சாவி டேக், ஓராண்டுக்கு ஆத்தங்குடிக் கல், அதாவது செட்டிநாட்டு வீடுகளில் பதிக்கும் பூப்போட்ட தரைக்கல். மற்ற இரண்டும் அதற்கு அடுத்தபடிதான்.

முதலில் பிளாஸ்டிக் டோக்கன். சீட்டாட்டக் காயின் அளவு, 39 மில்லிமீட்டர். புதிதாக வருகிறவருக்கு வெள்ளை, பிறகு 30, 60, 90 நாள், ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று நிறம் மாறும். எந்த நாளுக்கு எந்த நிறம் என்பது குழுவுக்குக் குழு வேறுபடும். 'ஒரிஜினல் ஏஏ டோக்கன்' என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம். ஏஏ என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியிலிருந்து மீள்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு. அது 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கியது. டோக்கன் கொடுப்பது குழுக்கள் தாமாக உண்டாக்கிக்கொண்ட பழக்கம், அமைப்பு அதற்கு விதி எதுவும் வைக்கவில்லை. வட்டத்துக்குள் முக்கோணம் போட்ட சின்னத்தை அதிகாரபூர்வமாகப் பயன்படுத்துவதையும் 1993-இல் விட்டுவிட்டார்கள். அதனால் நிறப் பட்டியலை உங்கள் குழுவே முடிவு செய்து, ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டி வையுங்கள். செயலாளர் மாறும்போது குழப்பம் வராது.

டோக்கனில் பெரிய குறை, நம்ம ஊர் ஆட்களுக்கு வேட்டியில் பை கிடையாது. மடியில் செருகினால் குளிக்கப் போகும்போது விழுந்துவிடும். சட்டைப் பையில் போட்டால் சட்டையோடு வண்ணாருக்குப் போய்விடும். ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர் துளை போட்டு அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொள்ளலாம். ட்ரில்லை மெதுவாக ஓட்டாவிட்டால் பிளாஸ்டிக் விண்டுபோகும்.

போதைப்பொருளிலிருந்து மீள்கிறவர்களுக்கான நார்க்கோட்டிக்ஸ் அனானிமஸ் குழுக்களில் கொடுக்கும் சாவி டேக்கில் இந்தத் தொல்லை இல்லை. வெள்ளை வரவேற்புக்கு, ஆரஞ்சு 30 நாளுக்கு, பச்சை 60, சிவப்பு 90, நீலம் ஆறு மாதம், மஞ்சள் ஒன்பது மாதம், இருட்டில் ஒளிர்வது ஓராண்டுக்கு. வண்டிச் சாவியிலேயே தொங்குவதால், சாவியைத் திருப்பும்போதெல்லாம் விரலில் இடிக்கும். வண்டி எந்தப் பக்கம் போகப் போகிறது என்று மனசு முடிவு செய்கிற நேரமும் அதுதானே. ஏஏ குழுக்களும் இதே முறையில் எழுத்தில்லாத வெறும் வண்ண டேக் வாங்கிக் கொடுக்கலாம். வண்டியைச் சர்வீஸுக்கு விட்டாலும் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

ஆனால் எந்தச் செட்டை வாங்கினாலும் ஒரு நாள் விட்டுப்போகிறது. 30-க்கும் 60-க்கும் நடுவில் நம் நாட்காட்டியில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஐயப்பனுக்கு மாலை போட்டு 41 நாள், 48 நாள் விரதம் இருப்பவரும், தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடப்பவரும் அந்த நாள்களில் தொடவே மாட்டார்கள். மாலையைக் கழற்றிய அன்றைக்கு ராத்திரிதான் கண்டம். 'சாமிக்குச் சொன்னது முடிஞ்சுபோச்சு' என்ற எண்ணமே அவரைக் கடைக்குக் கூட்டிப்போய்விடும். நாள் கணக்கு சாமியிடம் இருந்ததே தவிர அவரிடம் இல்லை. எனவே மாலை கழற்றும் நாளுக்கென்று ஒரு டேக்கை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். செட்டில் இல்லாத நிறமாக இருக்கட்டும். மாலை கழற்றும் தேதியை முன்கூட்டியே கேட்டு வைத்து, அன்று சாயங்காலமே அவருடைய ஸ்பான்சர் (குழுவில் அவருக்கு வழிகாட்டும் மூத்தவர்) அவர் வீட்டுக்கே போய்க் கொடுக்க வேண்டும். அடுத்த மீட்டிங் வரை காத்திருந்தால் பிரயோஜனம் இல்லை.

புதிதாக நிறுத்தியவருக்குக் கொடுக்கும் 24 மணி நேர டோக்கனைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பும், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சித்தபிரமையும் வரலாம், உயிருக்கே ஆபத்து. கைநடுக்கமும் வியர்வையுமாக வந்தவரை டோக்கன் கொடுத்துக் கைதட்டி வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போதை மீட்புக்கான கட்டணமில்லாத உதவி எண் 14446.

வெண்கலப் பதக்கம் சுமார் 34 மில்லிமீட்டர். பத்து ரூபாய் நாணயம் 27 என்பதால், கையில் வாங்கியதுமே கனம் தெரியும். ஓராண்டுக்குரியவரிடம் கொடுக்கும் முன், அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் அதை உள்ளங்கையில் மூடிப் பிடித்து, ஒரு நொடி வைத்திருந்து, அடுத்தவர் கைக்கு மாற்றுவார்கள். இருபது பேர் தாண்டி வரும்போது உலோகம் சூடாக இருக்கும். அந்தச் சூட்டுக்காகவே வாங்கலாம். ஆனால் ஆர்டர் கொடுத்து வரவழைக்க வேண்டியிருக்கிறது, எழுத்து ஆங்கிலம், வீட்டில் இருப்பவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை.

அன்றைய விருந்துச் சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. சமையல்காரர் கேட்காமலே சுக்காவும் காடை வறுவலும் முதலில் சின்னத் தட்டில் வைப்பார். மீண்டவர்களில் பலருக்கு அது சைடிஷ் தட்டு. வறுவல் இலையில், சோற்றோடு வரட்டும். ஒளிபுகும் பிளாஸ்டிக் டம்ளரும் தண்ணீர் பாக்கெட்டும் மேஜைக்கு வரவே கூடாது, எவர்சில்வர் டம்ளர் போதும். பதநீர் வேண்டாம், சுண்ணாம்பு சரியாகப் படியாவிட்டால் சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். குடியை விடுவதற்கான டைசல்பிராம் மாத்திரை (மது பட்டாலே உடம்புக்கு ஆகாமல் போகும்) சாப்பிடுகிறவருக்கு ரம்மில் ஊறிய பிளம் கேக்கும் ஆகாது. கந்தரப்பம், கவுனி அரிசி, பால் பணியாரம் இருக்கும் ஊரில் கேக் எதற்கு? செலவைக் குழுவின் உண்டியலே ஏற்க வேண்டும். ஊர்ப் பெரியவர் 'விருந்து என் பொறுப்பு' என்றால், அண்ணே மன்னிக்கணும் என்று கும்பிட்டுச் சொல்லிவிடுங்கள். வெளிப்பணம் வாங்குவதில்லை என்பது ஏஏ மரபு.

இனி ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, பூ வடிவ அச்சுக்குள் சிமெண்டுச் சாயத்தை ஊற்றி, மேலே உலர்ந்த மணல் சிமெண்டைத் தூவி, ஈரக் கலவையால் முதுகை நிரப்பி மட்டம் தட்டுவார்கள். இறுகியதும் தண்ணீரில் சில நாள் ஊறும். வெளியே எடுத்துக் கண்ணாடியைப் பிரித்தால் பளபளப்பு கல்லிலேயே ஒட்டியிருக்கும். எட்டு அங்குலச் சதுரம் ஒன்றேமுக்கால் கிலோ அளவுக்கு வரும், ஒருவர் மடியில் வைத்துப் பார்க்க ஏற்ற அளவு. வாடகை வீடென்றால் பதிக்க வேண்டியதில்லை. குத்துவிளக்குக்கு அடியிலோ தண்ணீர்ப் பானைக்கு அடியிலோ கிடக்கட்டும், வீட்டில் எல்லார் கண்ணிலும் படும். அந்த ஒரு வருஷத்தை அந்த வீட்டுப் பெண்களும் சேர்ந்துதானே ஓட்டினார்கள்.

எங்கே தப்பு நடக்கிறது என்றால், எண்ணிலும் எழுத்திலும். கண்ணாடியைத் தொட்டிருக்கும் அடிப்பக்கம்தான் பிறகு முகமாகிறது. அதனால் அச்சைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி வெட்டாவிட்டால் எண் இடவலம் மாறிப்போகும். மெல்லிய எழுத்தென்றால் சாயம் ஒன்றுக்குள் ஒன்று இழைந்துவிடும். பெயரையோ குழுச் சின்னத்தையோ போட்டால் அனாமதேயமும் போச்சு. முகத்தில் பூ மட்டும் இருக்கட்டும். முதுகுக் கலவை ஈரமாக இருக்கும்போதே ஆணியால் தேதியைக் கீறச் சொல்லுங்கள். கவிழ்த்துப் பார்க்கிறவருக்கு மட்டும் தெரியும். நாளை ஸ்லிப் ஆனாலும், அதாவது மறுபடி குடித்துவிட்டாலும், அந்தத் தேதி பொய்யாகாது, கல்லைத் திருப்பிக் கேட்கவும் வேண்டாம். வெள்ளை டேக்கிலிருந்து மறுபடி தொடங்கினால் போதும்.

மூன்று வாரம் முன்னால் சொல்லிவிடுங்கள். ஒற்றைக் கல்லுக்கு அச்சுக்கூலி தனியாகக் கேட்பார்கள், முதலிலேயே பேசிக்கொள்ளவும். புதுக் கல்லில் வெள்ளையாக உப்புப் பூத்தால் ஈரத் துணியால் துடைத்து, காய்ந்ததும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் சரியாகும். ஆசிட் பட்டால் பளபளப்பு போய்விடும், திரும்ப வராது.

ஆத்தங்குடிப் பூக்களில் பல நான்கு கல் சேர்ந்தால்தான் முழுசாகும். அப்படி ஒரு வடிவத்தைத் தேர்ந்து, ஆண்டுக்கு ஒரு கல்லாகக் கொடுங்கள். நான்கையும் மொத்தமாக ஊற்றி வைத்தால் நிறம் ஒத்துப்போகும்தான், ஆனால் முதுகில் தேதி கீற முடியாது. அந்தந்த ஆண்டே ஊற்றுவது நல்லது. அச்சைப் பட்டறையில் விடாமல் குழுவே வாங்கி வைத்துக்கொண்டு, சாயக் கலவையின் அளவையும் நிறப் பட்டியல் ஒட்டியிருக்கும் அதே பெட்டியில் எழுதிப் போட்டுவிடுங்கள்.